அரேஞ்சர் கீபோர்ட் வாங்கப் போகிறீர்களா? பாடுகிறவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் கோயில் சடங்கு, கல்யாண வீடு என்று எட்டு வருடமாக வாசிக்கிறேன். தாளத்தையும் பின்னணியையும் தானே வாசித்துத் தரும் பெரிய அரேஞ்சர் கீபோர்ட்டுக்கு மாறியது போன வருடம்தான். வாங்குவதற்கு முன் மூன்று மாதம் டெமோ வீடியோக்களைப் பார்த்துத் தள்ளினேன். மேடையில் என் காலை வாரிய விஷயம் ஒரு வீடியோவிலும் இல்லை. ஸ்டைல், ஸ்பிளிட், ஃபில் என்றால் என்னவென்று இங்கே சொல்லவில்லை. சின்னக் கீபோர்டில் கை பழகியிருப்பீர்கள் என்றே எழுதுகிறேன்.

1. பாட்டுப் பட்டியல்

கடைசியாக வாசித்த 30 பாட்டைக் கொப்பியில் எழுதுங்கள். அதில் 6/8 தாளம் எத்தனை என்று எண்ணுங்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தாளத்தில் போகும் பைலா கேட்காமல் விடமாட்டார்களே! கூடவே வரும் ஸ்டைல்கள் நம் பாட்டுக்கு அப்படியே பொருந்துவது குறைவு, நாமேதான் திருத்தி வைக்க வேண்டும். யமஹா ஸ்டைல் கோப்பு கோர்க் கம்பெனிக் கீபோர்டில் நேரே திறக்காது, கோர்க்கினது யமஹாவிலும் திறக்காது. என்னிடம் பென்டிரைவ் நிறைய யமஹா ஸ்டைல்கள் இருந்ததால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

2. எந்த மாடல்

யமஹாவில் உச்சியில் இருப்பது 2023இல் வந்த ஜெனோஸ்2. 76 கீ, 13 கிலோவுக்கு மேல். உறையில் போட்டால் நாலடியைத் தாண்டும், ஓட்டோவின் பின்சீட்டில் குறுக்கே வைக்க முடியாது. கோர்க் பிஏ5எக்ஸ் 61, 76, 88 கீகளில் கிடைக்கிறது. இரண்டிலும் உள்ளே ஸ்பீக்கர் இல்லை. ஹார்மோனியத்தோடு பஜனைக்கும் தூக்கிப் போகிறவர் என்றால் ஸ்பீக்கரோடு வரும் யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்920 அல்லது கோர்க் பிஏ1000 போதும். புல்லாங்குழலும் வயலினும் யமஹாவில்தான் எனக்குப் பிடிக்கும். அரபுப் பாணித் தாளங்களில் கோர்க்கை அடிக்க ஆளில்லை. உங்கள் குழுவில் நல்ல தபேலாவும் ரிதம் பேடும் இருந்தால் இவ்வளவு காசைக் கொட்டத் தேவையே இல்லை.

3. நான் சறுக்கிய இடம்

கடையில் எல்லோரும் பியானோ வாசித்துப் பார்ப்பார்கள். நீங்கள் பாடுகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஒரு பாட்டை எடுத்து, பல்லவிக்கு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் (சத்தம், ஸ்டைல் எல்லாவற்றையும் ஒரே பட்டனில் பதிந்து வைப்பது), சரணத்துக்கு இன்னொன்று என்று சேமியுங்கள். பிறகு சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை ஒன்று, அதாவது அரைக்கட்டை, குறைத்துவிட்டுப் பல்லவியை வாசியுங்கள். சரணம் வரும்போது அடுத்த பட்டனை அழுத்துங்கள். சுருதி அப்படியே நிற்கிறதா?

எனக்கு நிற்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பாடிய அக்கா தொண்டை சரியில்லை என்று, "தம்பி, அரைக்கட்டை இறக்கு" என்றார். இறக்கினேன். பல்லவி நன்றாகப் போனது. சரணத்தில் குழல் வேண்டுமென்று மூன்றாம் பட்டனைத் தொட்டேன். அதில் டிரான்ஸ்போஸ் பூஜ்யமாகப் பதிவாகியிருந்தது. அக்காவும் பேஸ் கிட்டாரும் ஒரு சுருதியில், நான் அரைக்கட்டை மேலே. அக்கா பாடுவதை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

யமஹாவில் இதற்கு வழி இரண்டு. ரெஜிஸ்ட்ரேஷனைச் சேமிக்கும்போது வரும் பட்டியலில் டிரான்ஸ்போஸ் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுவது ஒன்று. மெனுவில் ரெஜிஸ்ட் ஃப்ரீஸுக்கு (பட்டன் மாறினாலும் குறித்ததை மாறாமல் பிடித்து வைப்பது) போய் டிரான்ஸ்போஸைக் குறித்து, ஃப்ரீஸை ஆன் செய்வது மற்றது. எனக்கு முதல் வழிதான் நல்லது, ஒருமுறை செய்தால் மறந்துவிடலாம். கோர்க்கில் இதே வேலைக்குப் பூட்டுப் படம் உண்டு. மாஸ்டர் டிரான்ஸ்போஸைப் பூட்டிவிட வேண்டும்.

4. கரண்ட்

சடங்கு மேடையில் ஜெனரேட்டர் ஒருதரம் இருமினால் கீபோர்ட் அணைந்து, திரும்ப எழும்பும்வரை கூட்டம் உங்களையே பார்க்கும். கம்பியூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றைக் கால்மாட்டில் வையுங்கள். சவுண்ட்காரர் ஒரே ஒரு கேபிள் தந்தால் அதை எல்/மோனோ துளையில் குத்துங்கள், மற்றதில் குத்தினால் பாதிச் சத்தம்தான் போகும்.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் ஃப்ரீஸ் வழியைச் செய்துவிட்டு, அடுத்த பாட்டும் அரைக்கட்டை கீழேயே தொடங்கியதாக எழுதியிருந்தார். ஆமாம், அது உறைந்தபடியேதான் இருக்கும். பாட்டு முடிந்து கைதட்டும்போதே டிரான்ஸ்போஸின் இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொருவர் புதிய எக்ஸ்பான்ஷன் பேக் (கூடுதல் சத்தங்களும் ஸ்டைல்களும் உள்ள தொகுப்பு) போட்டதும் பழைய தவில் சத்தம் காணாமல் போனது என்றார். யமஹாவின் எஸ்எக்ஸ் வரிசையில் புதியதை நிறுவினால் பழையது அழிந்துவிடும். யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர் என்ற கம்பியூட்டர் மென்பொருளில் இரண்டையும் ஒரே பேக்காகச் சேர்த்துப் பிறகு ஏற்றுங்கள். கச்சேரிக்கு முதல் நாள் இரவில் மட்டும் அதைத் தொடாதீர்கள்.