காமெடிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு விமர்சனம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என எங்கே புதுப்படம் வந்தாலும், முதல் காட்சி விட்டதும் தியேட்டர் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நாலு பேர் கருத்துச் சொல்கிறார்கள். நல்ல விஷயம். பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ பஸ் ஏறி வரும் குடும்பம் அந்த வார்த்தையை நம்பித்தான் டிக்கெட் எடுக்கிறது. ஆனால் காமெடிப் படத்தின் அடுத்த பாகம் என்று வந்துவிட்டால், முன்பு ஆரம்பித்தவர்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருபவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். உளறுவது, ஆடியோ சரியில்லாதது, நடிகர் பெயரை மாற்றிச் சொல்வதெல்லாம் பத்துப் படத்தில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

நினைவில் இருக்கும் முதல் பாகத்தோடு ஒப்பிடுவது

"ஃபர்ஸ்ட் பார்ட் அளவுக்கு இல்ல ப்ரோ." பத்தில் எட்டு வீடியோ இப்படித்தான் தொடங்குகிறது. எந்த முதல் பாகம்? தியேட்டரில் இரண்டரை மணி நேரம் ஓடிய படமா, ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் வருஷக்கணக்கில் துண்டு துண்டாகப் பார்த்த காட்சிகளா?

இங்கேதான் எல்லாமே கெடுகிறது. டிவியும் போனும் ஒரு படத்தின் சிறந்த இருபது நிமிடத்தை மட்டும் நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இழுவையான பாட்டும் காதல் காட்சிகளும் மறந்தே போகின்றன. 2012இல் வந்த 'கலகலப்பு' என்றதும் சந்தானத்தின் வெட்டுப்புலிதான் கண்ணில் நிற்கிறார். அவர் வருவதற்கு முன்னால் மசாலா கஃபேயைத் தூக்கி நிறுத்தும் கதை நிதானமாக எவ்வளவு நேரம் நடக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு 2018இல் வந்த 'கலகலப்பு 2'வின் முழு நீளத்தையும் அளந்தால், எந்தப் படமும் தோற்கத்தான் செய்யும்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். 'சந்திரமுகி 2' (2023) படத்தில் வடிவேலு அதே முருகேசனாக வந்து நின்றதும் கிடைத்த கைதட்டல் 2005ஆம் ஆண்டுப் படத்துக்கு உரியது. அதைப் புதுப்படத்தின் கணக்கில் எழுதி "தியேட்டரே அதிருது" என்று சொல்லி அனுப்பினால், நம்பிப் போகும் குடும்பத்துக்குத்தான் நஷ்டம். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், போக வர பஸ் காசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சேர்ந்து போகிறது. இவ்வளவு சொல்லியும் ஒவ்வொரு இரண்டாம் பாகத்துக்கும் இதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் தவிர்ப்பது மிகவும் சுலபம்.

சட்டைப் பையில் மடித்த ஒரு தாளும் பேனாவும் போதும். போனை எடுக்காதீர்கள், பின் வரிசைக்காரர் கண் கூசும். தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'பழசு', வலது பக்கம் 'புதுசு'. அரங்கம் சிரிக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பழைய வசனம், பழைய பாத்திரத்தின் வருகை, பழைய பின்னணி இசை கேட்டதும் எழும் சிரிப்பு இடது பக்கம். முதல் பாகத்தைப் பார்க்காதவரும் சிரித்திருப்பார் என்றால் வலது பக்கம். இருட்டில் கோணல்மாணலாக விழும், பரவாயில்லை. இடைவேளையில் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் வலது பக்கம் வற்றிப்போகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கருத்தை எழுதி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு, மறுநாளுக்குள், முதல் பாகத்தைப் பாட்டு உட்பட ஓட்டாமல் பாருங்கள். சிரிப்பே இல்லாமல் பத்து நிமிடம் போகும் இடத்தையெல்லாம் குறியுங்கள். பிறகு எழுதியதைத் திருத்துங்கள். இந்த வரிசை முக்கியம். முதல் பாகத்தை முந்தின நாளே பார்த்துவிட்டுப் போனால், திரும்ப வரும் ஒவ்வொரு நகைச்சுவையும் அரைத்த மாவாகத் தெரியும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மனநிலையில் இல்லை. 'அரண்மனை' போல நாலு பாகம் ஓடிய வரிசை என்றால், முதலாவதையும் கடைசியாக வந்ததையும் பார்த்தால் போதும்.

எண்ணை நம்புவது

பெயருக்குப் பின்னால் 2 இருந்தால் கதை தொடரும் என்று அர்த்தமில்லை. 'சென்னை 600028' இரண்டாம் பாகத்தில் (2016) அதே கூட்டம், கல்யாணம் ஆகி வயதும் கூடி வருகிறது. அங்கே "பாத்திரங்கள் சரியாக வளர்ந்திருக்கிறார்களா" என்று கேட்கலாம். 'கலகலப்பு 2'வில் தொடர்வது பெயரும் சுந்தர் சி.யின் பாணியும்தான், அங்கே அந்தக் கேள்விக்கு வேலையில்லை. 'காஞ்சனா'வே 'முனி' (2007) படத்தின் இரண்டாம் பாகமாக வந்தது. ஆகவே 'காஞ்சனா 2' அந்த வரிசையில் மூன்றாவது. இது தெரியாமல் "ரெண்டாவது பார்ட்லயே சரக்கு தீர்ந்துபோச்சு" என்று சொல்லக் கூடாது.

நாயகனை மட்டும் பார்ப்பது

'தில்லுக்கு துட்டு' (2016), அதன் இரண்டாம் பாகம் (2019) இரண்டும் ராம்பாலா இயக்கியவை. 'டிடி ரிட்டர்ன்ஸ்' (2023), 'டெவில்ஸ் டபுள் நெக்ஸ்ட் லெவல்' (2025) எஸ். பிரேம் ஆனந்த் இயக்கியவை. நாலிலும் சந்தானம் இருப்பதால் நாலையும் ஒரே தட்டில் வைப்பது தப்பு. பேயை வைத்து விளையாட்டு நடத்தும் யோசனை எங்கிருந்து வந்தது, கவுண்டர் வசனம் எங்கே கூடியது என்று இயக்குநர் வாரியாகப் பாருங்கள். கடைசிப் படத்தின் நாயகனே சினிமா விமர்சகர் என்பதால், விமர்சனம் சொல்ல நினைப்பவர்கள் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

'சூது கவ்வும்' (2013) நலன் குமாரசாமி எடுத்தது, 2024இல் வந்த இரண்டாம் பாகம் எஸ்.ஜே. அர்ஜுன் எடுத்தது. கருணாகரன் இரண்டிலும் இருக்கிறார். அவருடைய காட்சிகளை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், ஒரே பாத்திரம் இரண்டு இயக்குநர் கையில் எப்படி மாறுகிறது என்று புரியும்.

காமெடி டிராக்கில் வந்த பாத்திரம் படம் முழுக்க வரும்போது

'தலைநகரம்' (2006) படத்தில் வடிவேலுவின் நாய் சேகர் சிரிக்க வைத்ததற்குக் காரணம், பக்கத்தில் நிஜ ரவுடிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இவர் போடும் வேஷம்தான் நகைச்சுவை. 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' (2022) அவரை நடுவில் வைத்தபோது அந்த எதிர்ப்பக்கம் மெலிந்துவிட்டது. "வடிவேலுக்கு வயசாயிடுச்சு" என்று முடிப்பது சோம்பேறித்தனம். எதிரில் நிற்பவர் யார் என்று பாருங்கள்.

பேய் யாரென்று சொல்வது

வேண்டாம்.

முதல் நாள் விசில்

அது ரசிகர் மன்றத்தின் விசில். திங்கட்கிழமை மாலைக் காட்சியில் யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எந்த மொழியில் பார்த்தோம் என்று சொல்லாமல் விடுவது

ஓசூரில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசுபவர்கள் ஏராளம். 'டிஜே டில்லு' (2022), 'டில்லு ஸ்கொயர்' (2024) போன்ற தெலுங்குப் படங்களின் சிரிப்பில் பாதி நாயகன் பேசும் தெலங்கானாப் பேச்சு வழக்கில் இருக்கிறது. தெலுங்கு தெரிந்தவர் மூலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதைக் கேட்டு, தர்மபுரிக்காரர் வீட்டில் தமிழ் டப்பிங் போட்டுப் பார்த்தால் அவருக்கு அந்தப் பாதி கிடைக்காது. மூலமா, டப்பிங்கா, சப்டைட்டிலா என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். உடல்மொழியால் வந்த சிரிப்பு எவ்வளவு, வசனத்தால் வந்தது எவ்வளவு என்றும் பிரித்துச் சொன்னால், தமிழ் மட்டும் தெரிந்தவர் பார்க்கலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுத்துக்கொள்வார்.