கல்மழைக்கு முன் மேகத்தின் தலையைப் பார்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா, நவம்பர் மாதப் பிற்பகலில் தென்மேற்கு வானம் கறுத்தால் போதும், பேரனுடைய காரின் மேல் பழைய கம்பளிகளைப் போர்த்திவிடுவார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஐப்பசி என்றால் அடைமழை என்று பழகியவனுக்கு, பத்தே நிமிடத்தில் முற்றத்தை வெள்ளையாக்கிவிட்டுப் போகும் மழை எங்கே புரியும்? முதல் கோடையிலேயே என் காரின் கூரையில் அம்மைத் தழும்பு விழுந்தது. அன்று செயற்கைக்கோள் படம் என் கைப்பேசியில் திறந்தே இருந்தது. படிக்கத்தான் தெரியவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக, அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன். கணினியில் இணையப் பக்கம் திறக்கத் தெரிந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்று. செயற்கைக்கோள் ஆலங்கட்டியைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது மேகத்தின் தலையை மட்டும். கட்டி உருவாவது மேகத்தின் வயிற்றுக்குள். அங்கே மேலெழும் காற்று, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகளைத் தூக்கிச் செல்கிறது. பனித்துணுக்கு ஒன்றின்மேல் அவை ஒட்டி ஒட்டி உறைந்து கட்டியாகின்றன. கட்டி எவ்வளவு கனமோ, அதைக் கீழே விழாமல் தாங்க அவ்வளவு வேகமான காற்று வேண்டும். அந்த வேகத்தின் அடையாளங்கள் மேகத்தின் உச்சியில் தெரியும். நாம் தேடப்போவது அவற்றைத்தான். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால், விழும் கட்டி வழியில் கரைவதற்கும் அதிகத் தொலைவு கிடைப்பதில்லை. கடலோர டர்பனில் இருக்கும் சொந்தக்காரர்களைவிட நமக்கு இந்தத் தொல்லை அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 1: படத்தைத் திறத்தல்

யூமெட்சாட் என்னும் ஐரோப்பிய அமைப்பின் மீட்டியோசாட் செயற்கைக்கோள்கள், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து ஆப்பிரிக்கா முழுவதையும் பார்க்கின்றன. அவற்றின் படங்களை யூமெட்வியூ என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தளத்தைத் திறந்து, அடுக்குகள் பட்டியலில் 0 டிகிரி என்று குறித்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள் 15 நிமிடத்துக்கு ஒரு முழுப் படம் தருகிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட மூன்றாம் தலைமுறைச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒன்று தருகிறது. மின்னலைப் பதிவுசெய்யும் கருவியும் அதில் இருக்கிறது.

படி 2: கடிகாரத்தைத் திருத்துதல்

என் கார் அடிவாங்கியது இங்கேதான். படத்தில் 12:45 என்று இருந்தது. என் கைக்கடிகாரத்தில் 3 மணி. இரண்டு மணி நேரப் பழைய படம், எதற்கும் உதவாது என்று மூடிவிட்டேன். உண்மையில் அது கால் மணி நேரத்துக்கு முந்தைய படம். செயற்கைக்கோள் படங்களில் உலகப் பொது நேரம்தான் இருக்கும். அதோடு இரண்டு மணி கூட்டினால் தென்னாப்பிரிக்க நேரம் கிடைக்கும். கோடை, குளிர்காலம் எதற்கும் இது மாறாது.

படி 3: மஞ்சளைத் தேடுதல்

அடுக்குகளில் ‘கன்வெக்‌ஷன் ஆர்ஜிபி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் நிறம் அல்ல இது. பல அலைநீளங்களில் எடுத்த அளவுகளைக் கலந்து உருவாக்கிய நிறம். உயரமான பனி மேகங்கள் சிவப்பாகத் தெரியும். அவற்றுக்குள் பளிச்சென்று மஞ்சள் தெரிந்தால், உச்சியில் இருப்பவை மிகச் சிறிய பனித்துகள்கள் என்று பொருள். மேலெழும் காற்று வேகமாக இருந்தால் துளிகள் பெருப்பதற்கு நேரம் இல்லாமல் சிறிதாகவே உச்சிக்குப் போய் உறைகின்றன. அதனால்தான் மஞ்சள் நமக்கு எச்சரிக்கை.

ஆனால் ஹைவெல்ட் என்னும் நம் மேட்டுச் சமவெளியில் இந்த மஞ்சளை முழுதாக நம்பிவிடாதீர்கள். இங்கே பல மேகங்களின் அடிப்பகுதியே உயரத்தில், குளிர்ந்த காற்றில் இருக்கிறது. அத்தகைய மேகங்களில் காற்று பெரிய வேகம் எடுக்காமலேயே சிறு துகள்கள் உருவாகிவிடும். மேலும் இந்தப் படம் சூரிய ஒளியை நம்பியது. பொழுது சாய்ந்தபின் இதைப் பார்ப்பது வீண்.

படி 4: உச்சியில் பொங்கும் இடம்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கார்திரள் மேகம் ஓர் உயரத்துக்கு மேல் ஏற முடியாமல், கொல்லன் பட்டடை போலத் தட்டையாக விரியும். ஆனால் அடியிலிருந்து வரும் காற்று முரட்டுத்தனமானது என்றால், அந்தத் தட்டையையும் முட்டிக்கொண்டு ஒரு குமிழ் கிளம்பும், பொங்கலன்று பால் பானை விளிம்பைத் தாண்டி எழுவதுபோல. மாலை 4 மணிக்கு மேல் சாதாரண ஒளிப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேற்கே சாய்ந்த சூரியனால் அந்தக் குமிழின் நிழல் கிழக்குப் பக்கம் விழுந்திருக்கும். தட்டையான வெள்ளைப் பரப்பில் சொறசொறப்பாக ஒரு மேடும் அதன் அருகே ஒரு கறுப்புக் கீற்றும் தெரிந்தால் அதுதான்.

இரவில் அகச்சிவப்புப் படத்துக்கு மாறுங்கள். அதில் மேகத்தின் தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று தெரியும். பட்டடை முழுவதும் ஒரே நிறமாக இருக்க, நடுவே சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த சிறு புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு புள்ளி தோன்றி மறைவது பெரிய விஷயமல்ல. அடுத்தடுத்த படங்களிலும் அது நீடித்தால் கவனிக்க வேண்டும்.

படி 5: ஓடவிட்டுப் பார்த்தல்

கடைசி ஒரு மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிடுங்கள். நம் பக்கத்துப் புயல்கள் பெரும்பாலும் மேற்கு அல்லது தென்மேற்கிலிருந்து வருகின்றன. கார்லட்டன்வில் லெனேசியாவுக்கு மேற்கே 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. மேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் நமக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. கொடியில் காயும் துணியை எடுக்கவும் காரை ஷெட்டில் விடவும் அது தாராளம்.

படி 6: இடத்தைத் தள்ளிப் படித்தல்

செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே இல்லை. வடமேற்கே, கினி வளைகுடாவின் மேல் இருக்கிறது. அங்கிருந்து சாய்வாகப் பார்ப்பதால், உயரமான மேகத்தின் தலை தன் உண்மையான இடத்திலிருந்து தென்கிழக்கே தள்ளித் தெரியும். இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். 15 கிலோமீட்டர் உயர மேகம் நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தெரியலாம். ஆகவே படத்தில் குமிழ் லெனேசியாவின் மேல் நின்றால், மழை உண்மையில் வடமேற்கே ராண்ட்ஃபான்டேன் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊருக்குத் தென்கிழக்கே போய்விட்டதாகத் தெரியும் புயல் இப்போதுதான் உங்கள் கூரைக்கு வந்திருக்கும்.

படி 7: ரேடாரும் எச்சரிக்கையும்

மேகத்தின் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்ப்பது ரேடார். புயல் அருகே வந்தபின் செயற்கைக்கோளை விட்டுவிட்டு அதற்கு மாறுங்கள். தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கை வந்துவிட்டால், என் மஞ்சள், குமிழ் எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அதன்படி நடங்கள். இடி கேட்கும்போது படம் பிடிக்க மாடிக்குப் போகாதீர்கள்.

ஒரு குறிப்பேடு வையுங்கள். படத்தின் நேரம், நீங்கள் பார்த்த அடையாளம், பிறகு வாசலில் விழுந்தது என்ன, இந்த மூன்றும் போதும். விழுந்த கட்டியை ஒரு ராண்ட் நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரிந்துவிடும். என் குறிப்பேட்டில் ‘மஞ்சள், வெறும் மழை’ என்ற வரிதான் அதிகம். ஆயாவின் கம்பளிகளுக்கென்று இப்போது ஒரு தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன். அவர் எத்தனை முறை காரணமின்றிப் போர்த்தினார் என்பதையும் எண்ணிவருகிறேன். அவருக்கு அது தெரியாது.