வலிமையைப் பழகுவது எப்படி: ஏற்காட்டு ஏற்றமும் கொலுசுப் பட்டறையும்

தமிழில் ‘உரம்’ என்ற சொல் உடல் வலிமையையும் மார்பையும் மனத்திண்மையையும் ஒருசேரக் குறிக்கிறது. வயலில் இடும் எருவுக்கும் அதுவே பெயர். ஆகவே உடல், மனம், அறம் என்று வலிமையை மூன்றாகப் பிரித்துத் தேடுவதைவிட, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊட்டி வளர்ப்பதே சரியான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேலத்துக்காரர்கள் உடலிலிருந்து தொடங்கலாம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் நாளில் அடிவாரத்திலிருந்து முதல் வளைவு வரை மட்டும், நன்றாக விடிந்த பின், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடந்து திரும்புங்கள். உடன் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகிற வேகமே போதும். மூச்சு வாங்குவது ஏற்றத்தில் என்றாலும், மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த வலி சில நாட்களில் அடங்கும். அடங்கிய பின் மீண்டும் நடங்கள். முதல் சில வாரங்களில் கூடும் வலு, இருக்கும் தசையை நரம்புகள் திறமையாக இயக்கப் பழகுவதால் பெரும்பாலும் வருவது என்பதால், கால் பருக்கவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். மூட்டில் குத்தல் எடுத்தால் நடையை நிறுத்துங்கள். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

மனத்துக்கான பயிற்சியும் இதே நடையில் இருக்கிறது. எந்த வளைவில் திரும்புவது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொண்டு, சலிப்பு வந்தாலும் குறைக்காமல், உற்சாகம் வந்தாலும் கூட்டாமல் அங்கேயே திரும்புங்கள். கூட்டாமல் திரும்புவதுதான் எனக்கு இன்றும் கடினமாக இருக்கிறது.

அறவலிமைக்கும் இந்த முன்முடிவே அடிப்படை. கொலுசுப் பட்டறையில் எடைபோட்டு வாங்கிய வெள்ளியை எடைபோட்டே திருப்பித் தர வேண்டும்; வேலையில் உதிர்வதற்கென்று சேதாரம் கழிக்கப்படும். கூட்டியெடுத்த தூளைக் கணக்கில் சேர்ப்பதா, சேதாரத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவதா என்பதைப் பட்டறையில் தனியாக அமர்ந்திருப்பவர் தாமே தீர்மானிக்கிறார். கை நிறையத் தூள் இருக்கும்போது யோசிக்கத் தொடங்கினால் ஆசையே வாதாடும் என்பதால், விடையை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். குடியை மறுப்பதற்கும் இதே முன்முடிவு வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தியது. சட்டம் கடையை மூடியிருக்கலாம். நண்பர் நீட்டும் குவளையை மறுக்கும் சொல்லை அவரவரே சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘எனக்கு வேண்டாம், அண்ணா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் சொல்லப் புகுந்தால் அந்தக் காரணத்தை உடைக்கவே பேச்சு நீளும்.

தவறிவிட்ட நாளில், இருட்டுவதற்குள் உரியவரிடம் சென்று, எத்தனை கிராம் குறைத்துச் சொன்னீர்களோ அந்த எடையைச் சொல்லித் திருத்துங்கள். ஒரு இரவு கடந்தாலே அந்த வாசல்படி ஏறுவது இன்னும் கடினமாகிவிடும்.