விருதுப் பரிந்துரையில் ‘அயராது உழைத்தார்’ போதாது: நீர், தூய்மைப் பணி செய்த பெண்களுக்கு ஆதாரம் திரட்டுவது எப்படி?

ஊரில் கண்மாய் தூர்வாரிய பெண்ணுக்கோ, குடிநீரைச் சோதித்துவரும் பெண்ணுக்கோ விருது கேட்டு எழுதும்போது ‘அயராது உழைத்தார்’, ‘தன்னை அர்ப்பணித்தார்’ என்ற வரிகள் எப்படியோ வந்து உட்கார்ந்துவிடும். அவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். எந்தக் கண்மாய், எந்த ஆண்டு, எத்தனை கன மீட்டர் மண், அவராக எடுத்த முடிவு எது என்பது இல்லையென்றால் அது வாழ்த்து மடல்தான், பரிந்துரை ஆகாது.

முதலில் பெயரைத் தேடுங்கள்

பெண்கள் செய்த வேலை ஆவணத்தில் ‘மகளிர் குழுவினர்’ என்று மொத்தமாகப் பதிவாகியிருக்கும், அல்லது கணவர் பெயரில் இருக்கும். பாசன சங்க ஏடுகளில் தேடினால் பல நேரம் எதுவும் கிடைக்காது. நிலம் உள்ளவர்தான் அங்கே உறுப்பினர். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. எனவே சுய உதவிக் குழுவின் தீர்மானப் புத்தகம், கிராம சபைத் தீர்மான நகல், நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல், எம்-புக் (அளவுப் புத்தகம்) ஆகியவற்றைப் பாருங்கள். மஸ்டர் ரோல் அவர் வேலைக்கு வந்ததைக் காட்டும். எவ்வளவு மண் வெட்டப்பட்டது என்பது எம்-புக்கில்தான் இருக்கும். இரண்டும் வேண்டும்.

அவர் ஊராட்சித் தலைவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. திட்டப் பணம் எல்லா ஊராட்சிக்கும் வருகிறது. அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று அவர் எடுத்த முடிவைத்தான் எழுத வேண்டும். வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பை எடுத்தாரா? சிமெண்ட் சாலைக்குப் பதில் கலிங்கை (கண்மாயின் மிகை நீர் வழியும் இடம்) சீர்செய்தாரா? சாட்சிக் கடிதம் வாங்கும்போது பயன் பெற்றவரிடம் மட்டும் வாங்காதீர்கள். அப்போது எதிர்த்துப் பேசிய ஒருவரிடம் வாங்கும் அரைப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

அளவுதான் சாட்சி

தூர்வாரிய இடம் 80 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், சராசரி 0.6 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 2,400 கன மீட்டர் வருகிறது, அதாவது 24 லட்சம் லிட்டர். சராசரி ஆழம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆழமான குழியில் மட்டும் டேப்பைப் பிடித்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். கட்டம் போட்டுக் குறைந்தது ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். டிராக்டர் நடையை எண்ணிக் கணக்கிடுவதும் ஆபத்து: வெட்டிய மண் உதிர்ந்து பருமன் கூடும், அதனால் நடைக்கணக்கு எப்போதும் மிகையாக வரும்.

கிடைத்த 24 லட்சம் லிட்டர் கூடுதல் கொள்ளளவுதான். அத்தனை நீரும் தேங்கியது என்று எழுதினால், விவரம் தெரிந்த எவரும் அந்த வரியிலேயே கடிதத்தை மூடிவிடுவார். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது; ஆடுமாடுகளுக்கும் நிலத்தடி ஊறலுக்கும்தான் உதவும். அதை அப்படியே எழுதுங்கள்.

கிணற்று மட்டத்துக்கு மூன்று கிணறுகள் போதும், ஆனால் நாலாவதாக, பணி நடக்காத பக்கத்தில் ஒன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். மோட்டாரை முந்தின நாள் மாலையே நிறுத்தி, காலையில் அளவுநாடாவில் எடை கட்டி இறக்குங்கள். கிணற்றின் விளிம்பில் பெயிண்டால் ஒரு குறி வைத்து ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே அளக்க வேண்டும்; சுற்றுச்சுவர் உயரத்தைக் கழித்துத் தரைமட்டத்திலிருந்து எழுதுங்கள். மே மாத அளவை மே மாதத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். பக்கத்திலேயே அந்தந்த ஆண்டின் மழையளவும் இருக்கட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கிணறுகள் ஏறியதை யாருடைய சாதனையாகவும் எழுத முடியாது. ஏறியது மழையாலா பணியாலா என்று பிரித்துக் காட்டத்தான் நாலாவது கிணறு.

நீர்ப் பரிசோதனை செய்பவர்கள்

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுகிறது. இவர்களின் பதிவேடு நல்ல ஆதாரம். ஆனால் பெட்டியில் நிறம் பார்த்துச் சொல்வது தோராயம்தான். ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையோ நைட்ரேட் 45 மில்லிகிராமையோ (இவை குடிநீருக்கான உச்ச வரம்புகள்) நெருங்கிய மாதிரிகளுக்கு ஆய்வக அறிக்கையை இணையுங்கள். சோதனைக்குப் பின் என்ன நடந்தது என்பதே முக்கியம்: எந்தக் கைப்பம்பு குடிக்க ஆகாதென ஒதுக்கப்பட்டது, மாற்று நீர் எப்போது வந்தது.

தூய்மைப் பணி

எத்தனை கழிப்பறை கட்டினார் என்ற எண்ணிக்கை ஏமாற்றும். நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே விறகு அடுக்கியிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாளியில் தண்ணீர், சோப்பு, கதவுவரை தேய்ந்த நடைபாதை இருந்தால் பயன்பாடு இருக்கிறது. இரட்டைக்குழி என்றால் இரண்டு குழிகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று கிளைத்தொட்டியை (கழிவை இரண்டு குழிகளுக்கும் பிரித்துவிடும் சிறு தொட்டி) திறந்து பாருங்கள். ஒரு குழிக்கான வழி அடைத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நிறைந்தால் கழிவு மட்கக் காலம் கிடைக்காது. திருச்சியில் குடிசைப்பகுதிகளின் கட்டணக் கழிப்பறைகளை மகளிர் குழுக்களே நடத்திவந்திருக்கின்றன. அதுபோன்ற இடத்தில் கட்டடப் படத்தைவிட வரவு செலவு நோட்டின் நான்கு பக்க நகல் அதிகம் பேசும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கையுறையின்றி மலம் அள்ளும் படத்தை ‘சேவை’ என்று இணைப்பது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளவைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் படம் வேலை வாங்கியவர்மீதான சாட்சியம். ராஜஸ்தானின் அல்வாரைச் சேர்ந்த உஷா சௌமர் அந்தத் தொழிலைவிட்டு வெளியேறி மற்றவர்களும் வெளியேற உழைத்தவர். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சாதி, பழைய தொழில் பற்றிய எந்த வரியையும் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் எழுதக் கூடாது.

எங்கே அனுப்புவது

பத்ம விருதுக்கு யாரும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். விவரிப்பு 800 சொற்களுக்குள் இருக்க வேண்டும். மருத்துவர், விஞ்ஞானி தவிர மற்ற அரசு ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் தகுதி இல்லை. எனவே அரசு நிறுவனத்தில் நிலத்தடி நீர் ஆராயும் விஞ்ஞானிக்கு எழுதலாம், பணியிலிருக்கும் நீர்வளத் துறைப் பொறியாளருக்கு முடியாது. தமிழக அரசின் ஔவையார் விருது மகளிர் தினத்தையொட்டி வழங்கப்படுகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே நாள் குறியுங்கள்.

அனுப்புமுன் முழுவதையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எண்களில் உள்ள தவறுகளை அவர்தான் முதலில் பிடிப்பார். நகல் ஒன்று அவரிடமும் இன்னொன்று குழுவிடமும் இருக்கட்டும். இந்த முறை கிடைக்காவிட்டால், அதே கிணறுகளை அடுத்த மே மாதம் அளந்து ஒரு வரி சேர்த்தால் அடுத்த பரிந்துரை தயார்.