கார் சாவி ஒன்று தொலைந்ததா? மற்றது கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

இரண்டு சாவியில் ஒன்று காணாமல் போனதும், "இன்னொன்றுதான் இருக்கிறதே" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். செலவு அங்கேதான் பிறக்கிறது. ஒரு சாவி இருந்தால் அடுத்ததைச் செய்வது சாதாரண வேலை. ஒன்றுமே இல்லையென்றால் வண்டியைத் தூக்கிப்போக ஒரு லாரி, கம்பெனியிலிருந்து வரவேண்டிய ரகசிய எண், சில மாடல்களில் கன்ட்ரோல் யூனிட், லாக் செட் மாற்றம் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும்.

சாவிக்குள் இருப்பவை

இன்றைய சாவி ஒரே பொருள் மாதிரி தெரிந்தாலும் மூன்று தனித்தனிச் சங்கதிகள். கதவுத் துளையைத் திருப்பும் இரும்பு, இன்ஜினுக்கு அனுமதி தரும் சிப், பட்டன் அழுத்தினால் பூட்டித் திறக்கும் ரிமோட். எது கெட்டது என்று தெரியாமல் கடைக்குப் போனால் தேவையில்லாததற்கும் சேர்த்துப் பணம் கொடுப்பீர்கள்.

சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவி நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை வீசும். அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் பதில் சொல்லும். பதில் பொருந்தவில்லை என்றால் வண்டி ஓடாது. செல்ஃப் அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. அல்லது பிடித்து ஓரிரு நொடியில் அணையும். சில கார்களில் செல்ஃபே அடிக்காது. அப்போது டேஷ்போர்டில் சாவிப் படமும் மின்னினால், கோளாறு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். பிளாட்பாரத்தில் வெட்டிய வெறும் இரும்புச் சாவி கதவைத் திறந்தும் வண்டியைக் கிளப்பாததற்கும் இதுவே காரணம்.

கதவு திறக்கிறது, வண்டி கிளம்புகிறது, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே இருக்கும் சிறு வட்ட பேட்டரியான செல்லை மாற்றினாலே பெரும்பாலும் போதும். டேஷ்போர்டில் விளக்கே எரியவில்லை என்றால் சாவியைக் குறை சொல்லாதீர்கள், காரின் பேட்டரியைப் பாருங்கள்.

துளையில் நுழைக்காமலே வேலை செய்யும் ஸ்மார்ட் கீயில் வழி கொஞ்சம் வேறு. கைப்பிடியைத் தொட்டதும் கார் அதே தாழ்ந்த அலையை ஒரு மீட்டர் தூரத்துக்கு அனுப்பும். பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். இந்தக் கேட்கும் வேலை இரவு பகலாக நடப்பதால் செல் சீக்கிரம் தீரும். வாசலை ஒட்டிக் கார் நிற்கும் வீடுகளில், அந்தப் பக்கச் சுவரில் சாவியை மாட்டாதீர்கள். செல்போனோடு ஒட்டி ஒரே பாக்கெட்டிலும் போடாதீர்கள். "சாவி இல்லை" என்று கார் சொல்வதற்குப் பல நேரம் போன்தான் காரணம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஓடும் இன்ஜின், சாவி தூரம் போனதற்காக நிற்காது. எச்சரிக்கை மட்டும் வரும். சென்னை சென்ட்ரலில் ஒருவரை இறக்கிவிடும்போது சாவி அவர் கைப்பையோடு போய்விட்டால், வீடு வரை ஓட்டி வந்து அணைத்த பிறகு திரும்பக் கிளப்ப முடியாது. ரயில் அதற்குள் அரக்கோணம் தாண்டியிருக்கும்.

செல் தீர்ந்து நடுவழியில் நின்றால்

சாவியின் பக்கத்தில் சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவில் துளை தெரியவில்லை என்றால் கைப்பிடி ஓரத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இப்படித் திறந்தால் அலாரம் கத்தலாம், பதற வேண்டாம். பிரேக்கை மிதித்து, கியர் வண்டியானால் கிளட்ச்சையும் மிதித்து, சாவியின் உடம்பாலேயே ஸ்டார்ட் பட்டனைத் தொட்டு அழுத்துங்கள். பேட்டரியில்லா சிப் அந்தத் தொடுதூரத்தில் வேலை செய்யும், வண்டி கிளம்பும், அலாரமும் அடங்கும். சில மாடல்களில் பட்டனுக்குப் பதில் கன்சோலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சாவியை வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மேனுவலில் இன்றைக்கே படித்து வைத்துவிடுங்கள்.

செல் மாற்றுவதற்கு முன் பழையதன் முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025-உம் அதே அகலம்தான், ஆனால் 2.5 மில்லிமீட்டர், ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் தகடு சரியாகத் தொடாது. ஸ்க்ரூடிரைவர் நுனியில் டேப் சுற்றி நெம்புங்கள், பிளஸ் பக்கம் எது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தொடு தகட்டை வளைக்காதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லலாம். புதிய செல் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், 2.8-க்குக் கீழே இருப்பது கடையிலேயே கிடந்து பழசானது. பழைய செல்லை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும்; விழுங்கியதோ என்ற சந்தேகம் போதும், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மெரினா, பெசன்ட் நகர் அலையில் நனைந்த சாவிக்கும், மழை வெள்ளத்தில் மூழ்கிய சாவிக்கும் ஒரே வைத்தியம். முதலில் செல்லை எடுங்கள். அது உள்ளே இருக்க இருக்க உப்புநீர் போர்டை அரித்துக்கொண்டே இருக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிட்டுப் புதுச் செல் போடுங்கள். வெயிலிலோ அரிசி டப்பாவிலோ வைப்பது உப்பை எடுக்காது.

தொலைந்த சாவிக்கு மாற்று

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அது பதிவானதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். நாளைக்கே கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். ஒன்று ஏற்கெனவே தொலைந்தது என்பதற்கு இந்தத் தாள்தான் சாட்சி. சாவிக்கான கூடுதல் காப்பு எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியிலும் பாருங்கள். இருந்தால், செலவு செய்யும் முன்பே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்கு ஆர்சி, அடையாள அட்டை, மீதமிருக்கும் சாவி, புதுக் காரோடு தந்த சாவி எண் பதித்த சிறு தகடு ஆகியவற்றோடு போங்கள். சாவி, வெட்டுக் கூலி, புரோகிராமிங் மூன்றையும் தனித்தனியாக எழுதி எஸ்டிமேட் கேளுங்கள். புரோகிராம் செய்யும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவியும் அங்கே இருக்க வேண்டும். பல கார்களில் அப்போது காட்டாத சாவி நினைவிலிருந்து அழிந்துவிடும். தொலைந்த சாவியை விரட்டுவதற்கும் அதுவே வழி. முடிந்ததும், எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லுங்கள். கையில் இரண்டு, திரையில் மூன்று என்றால் பழையது இன்னும் உயிரோடு இருக்கிறது. அழித்த பின்னும் அதன் இரும்பு கதவைத் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டு முகவரி தெரிந்த ஒருவர் கையில் போயிருக்குமோ என்று தோன்றினால் லாக்கையும் மாற்றுவதுதான் சரி.

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோடு பக்கத்துத் திறமையான சாவிக்காரர்கள், காரின் கம்ப்யூட்டரோடு பேச உதவும் ஓபிடி போர்ட்டில் கருவி செருகி இதே வேலையைக் குறைந்த செலவில் செய்வார்கள். ஆர்சி கேட்காமல் சாவி செய்து தருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் உங்கள் காரைக் கொண்டுவரும் திருடனிடமும் கேட்கமாட்டார். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்மார்ட் கீயை வாங்கிக்கொண்டு போவதிலும் பயனில்லை. பெரும்பாலானவை பழைய காருக்கே பூட்டப்பட்டவை, மறுபடி பதிவாகாது.

புதுச் சாவியைச் சோதிக்கும்போது ஒரிஜினல் சாவியைப் பத்து அடிக்கு அப்பால் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அது அருகில் இருந்தால் கார் அதையே படித்துக் கிளம்பிவிடும், புதியது கெட்டது என்றே தெரியாது. வண்டியைப் பூட்டிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஐந்து முறை கிளப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரு சாவியும் இல்லாத நிலை வந்துவிட்டால் ஸ்டியரிங் லாக்கை உடைக்க யாரையும் விடாதீர்கள், அது இரண்டாவது செலவு. ஆட்டோமேட்டிக் கார் பி (பார்க்கிங்) கியரில் நின்றால் இன்ஜின் இயக்கும் சக்கரங்கள் உருளாது. நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியையே கேட்டு வாங்குங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியும் வந்ததா என்று பார்ப்பதோடு நிற்காமல், முதல் வாரமே பதிவுகளை அழித்து உங்கள் சாவிகளை மட்டும் சேர்த்துவிடுங்கள். சாவி எண் தகட்டை காரில் வைக்காமல் வீட்டில் வைத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேர் சாவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, அதைக் கொண்டே ஒரு நாள் ஓட்டுங்கள்.