உள்ளூர் வானொலியில் பெண்களின் பேச்சு நிகழ்ச்சி: முதன்முறை தயாரிப்போருக்கு ஒரு செய்முறை

சமுதாய வானொலி நிலையங்களில் தன்னார்வலராகச் சேரும் பெண்களில் பலர், பெண்ணியம் பற்றிப் பேச ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைப் பொருள் தேர்வதிலிருந்து ஒலிபரப்புக்குப் பின் செய்ய வேண்டியது வரை சொல்லப் போகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பொருளைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள்

பண்பாடு, அரசியல், பெண்ணியம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாக எழுதிவைத்துக்கொண்டு அமர்ந்தால் பேச்சு நகராது. உங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கும் ஒரு பொருளை, ஒரு வழக்கத்தை, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும். நான் எடுத்துக்கொள்வது விடுதலைப் பத்திரம். அப்பாவின் நிலத்தில் தனக்குள்ள பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாகப் பெண் எழுதித் தரும் பத்திரம் அது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு, அண்ணன் எடுத்துக் கொடுத்த சேலையோடு பேருந்தில் ஊர் திரும்பிய பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால், பிறந்த வீட்டு வாசல் வேண்டுமே என்பார்கள். வளைகாப்பு, பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் என்று ஆண்டு முழுவதும் நீளும் உறவுக்கு விலையாக அந்தக் கையெழுத்து கேட்கப்படுகிறது. பண்பாடு அங்கே இருக்கிறது. அந்தப் பங்கு அவளுக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால் அரசியல் வந்துவிடும்.

இரண்டாம் படி: சட்டமும் வரலாறும் படித்தல்

நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் சொல்லப்போவதற்கு ஐந்து நாள் படிக்க வேண்டியிருக்கும். இதில் சோம்பல் கூடாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அது கூட்டுக் குடும்பச் சொத்து வரை வந்து சேர அறுபது ஆண்டுகள் ஆயின. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாநில அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி 1989 மார்ச் 25 முதல் மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்குதாரர் ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமானவர்களுக்கு அந்த உரிமை இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், கேட்கும் ஒரு பெண் வீண் நம்பிக்கையோடு வழக்குக்குப் போய்விடுவாள். இவை இந்துக் குடும்பங்களுக்கான சட்டங்கள் என்பதையும், முஸ்லிம், கிறித்தவப் பெண்களுக்கு வேறு வாரிசுச் சட்டங்கள் பொருந்தும் என்பதையும் ஒரே வரியிலாவது குறிப்பிடுங்கள். எழுதியதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொண்ட பிறகே மைக் முன் செல்லுங்கள்.

மூன்றாம் படி: எதைப் பேசலாம் என்ற எல்லை

1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாக வானொலியாகத் தொடங்கியது. 2006இல் அரசு வெளியிட்ட சமுதாய வானொலி நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களும் நிலையம் நடத்த வழி திறந்தன. எனினும் அந்த நெறிமுறைகள் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிப்பதையும், அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சிகளையும் தடுக்கின்றன. இந்தத் தடை மிகையானது என்பதே என் கருத்து. தன் ஊராட்சியைப் பற்றித் தன் ஊர் வானொலியில் பேச முடியாத நேயருக்கு அலைவரிசை எப்படிப் பொதுச் சொத்தாகும்? ஆனாலும் உரிமத்தை இழந்தால் இழப்பு பெண்களுக்கே என்பதால், எல்லைக்குள் நின்றே பேசப் பழக வேண்டும். கட்சியின் பெயரும் வேட்பாளரின் பெயரும் வேண்டாம், தேர்தல் கணிப்பு வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், இந்த வழக்கம் யாருக்குப் பயன்படுகிறது என்று பேசுவதற்கு இடம் இருக்கிறது. கையெழுத்திட மறுத்த ஒரு பெண்ணின் அனுபவத்தில் உள்ள அரசியலை எந்தக் கட்சிப் பெயரும் இல்லாமலே கேட்பவர் உணர்ந்துகொள்வார். ஐயம் வந்தால் நிலையப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பேசுபவரும் அவருடைய பாதுகாப்பும்

மூன்று பேர் போதும்: கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு பெண், கொடுக்க மறுத்த ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர். கையெழுத்து வாங்கிய அண்ணன் ஒருவர் மனம் திறந்து பேச முன்வந்தால் அவரையும் அழையுங்கள். ஆனால் உரையாடலை நடத்துபவர் பெண்ணாக இருக்கட்டும். பிபிசி 1946இல் பெண்களுக்கென்று தினசரி நிகழ்ச்சி தொடங்கியபோது, அதன் முதல் தொகுப்பாளராக ஓர் ஆணைத்தான் அமர்த்தியது. அந்தப் பழக்கத்தை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

இந்தப் படியில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். வேறொரு நிகழ்ச்சியில், கணவரின் அடியைப் பற்றிப் பேசிய ஓர் அக்காவின் பெயரை மாற்றி, மென்பொருளில் குரலின் தடிமனையும் கூட்டி ஒலிபரப்பினோம். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியிலேயே அவரை அடையாளம் கண்டுவிட்டார்கள். சமுதாய வானொலியின் அலைபரப்பிக்கு அனுமதிக்கப்படும் திறன் பொதுவாக 100 வாட். அது ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும். அந்த வட்டத்துக்குள் குரலும் முகமும் ஒன்றுதான். ஒருவர் இழுத்துப் பேசும் விதம், அடிக்கடி சொல்லும் சொல், பிள்ளைகளின் எண்ணிக்கை, எல்லாமே அடையாளம். அதன் பிறகு, ஆபத்து இருக்குமென்றால் பேசுபவர் சொன்னதை எழுதி, விவரங்களை மாற்றி, அவரிடமே படித்துக் காட்டி, வேறொரு பெண்ணின் குரலில் பதிவு செய்கிறேன். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒப்புதலை இருமுறை கேளுங்கள்: பேசத் தொடங்கும் முன் ஒருமுறை, பேசி முடித்துப் பதிவைக் கேட்ட பிறகு ஒருமுறை. இரண்டாம் முறை வேண்டாம் என்றால் பதிவை அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கேள்விகள்

ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிருங்கள். பங்கைக் கொடுத்தது சரியா என்று கேட்டால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுவார். அன்றைக்குக் காலை வீட்டிலிருந்து யார் யார் கிளம்பினீர்கள், பத்திரத்தை யாராவது படித்துக் காட்டினார்களா, திரும்பி வரும்போது என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். நிகழ்வைச் சொல்லிக்கொண்டே போகிறவர், தன் கருத்துக்குத் தானே வந்து சேர்வார். ஒருமுறை ஒரு பாட்டி, அந்தச் சேலையை இன்னும் கட்டவில்லை, பெட்டியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அதைக் கேட்காமல் இருந்ததால்தான் அதன் பின் அவர் பத்து நிமிடம் பேசினார். பதில் முடிந்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மரியாதைச் சொல்லிலும் கவனம் வேண்டும்: வழக்கறிஞரை ஐயா என்றும், வயலில் வேலை செய்யும் பெண்ணை வா, போ என்றும் பேசினால் நிகழ்ச்சி அங்கேயே தோற்றுவிடும்.

ஆறாம் படி: ஒலிப்பதிவு

வெளியே சென்று பதிவு செய்வதானால், நல்ல கைபேசியும் ஹெட்போனும் தொடக்கத்துக்குப் போதும். கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்பதனப் பெட்டி இரைந்தால் வேறு அறைக்கு மாறுங்கள். வெறும் சுவருள்ள அறையில் எதிரொலி வரும். துணிக்கொடியும் மெத்தையும் உள்ள அறை நல்லது. மைக்கை வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் பிடித்தால் மூச்சுக் காற்றின் இடி விழாது. பதிவுச் செயலி காட்டும் ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும்.

ஏழாம் படி: தொகுப்பு

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதுமானது. பதிவை முழுதாகக் கேட்டு, நேரத்தோடு குறிப்பு எழுதிய பிறகே வெட்டத் தொடங்குங்கள். நிலைய அறிவிப்புகள் போக நிகழ்ச்சிக்கு 27 நிமிடம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், பெண்களின் பேச்சுக்கு 15, சட்ட விளக்கத்துக்கு 6, மீதி உங்களுக்கும் இசைக்கும். பாட்டியின் சேலை போன்ற ஒன்றை முதல் நிமிடத்திலேயே வையுங்கள்; தலைப்பு விளக்கம் பிறகு வரட்டும். பேச்சில் உள்ள தயக்கத்தை எல்லாம் வெட்டி எறியாதீர்கள். நிகழ்ச்சியின் முடிவில் பெண்கள் உதவி எண் 181ஐயும், சட்ட உதவி எண் 15100ஐயும் மெதுவாக இருமுறை சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் தங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது.

எட்டாம் படி: ஒலிபரப்புக்குப் பின்

ஒலிபரப்பிய பதிவை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது உரிம விதி. உங்களுக்கு நிலையமே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். தெலங்கானாவின் மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பெண்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுவந்தார்கள். நீங்களும் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு சிறு ஸ்பீக்கரை எடுத்துச் செல்லுங்கள். நிகழ்ச்சி ஓடும்போது கடிகாரத்தைப் பார்த்து, எந்த நிமிடத்தில் பெண்கள் வானொலியை மறந்து தங்களுக்குள் பேசத் தொடங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போது யார் என்ன சொன்னார் என்று மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், அடுத்த வாரத்துக்கான பொருள் கிடைத்துவிடும்.