ஜாக்கெட் பேட்டர்ன் ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ரெண்டு வீட்டிலாவது தையல் மெஷின் ஓடும். லாங் பஜாரில் லைனிங் துணியும் ஹூக்கும் வாங்கி வந்து அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர்களில் சிலர், வெட்டும் பேட்டர்னையே (துணிமேல் வைத்து வெட்டும் காகித வடிவத்தை) பிடிஎஃப் ஆக்கி ஆன்லைனில் விற்கலாமா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஒரு தடவை வரைந்ததை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். கூரியர் செலவு இல்லை, ராத்திரி கண் வலிக்க ஹெம்மிங் பண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். தவிர, வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்களுக்குப் புடவை ஜாக்கெட் தைக்கத் தெரிந்த டெய்லர் கிடைப்பது கஷ்டம். தாங்களே தைத்துக்கொள்ள அவர்கள் தயார், சரியாக வெட்டத்தான் ஒரு வழி வேண்டும்.

ஆனால் இதில் முதலில் சறுக்குபவர்கள் நன்றாகத் தைப்பவர்கள்தான். அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் போட்டு, சாக்பீஸால் நாலு கோடு இழுத்து வெட்டிப் பழகிய கை அவர்களுடையது. அந்தக் கைக்குத் தெரிந்ததில் பாதி காகிதத்துக்கு வந்து சேர்வதே இல்லை. வாங்குபவரோ உங்கள் கையைப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறார்.

கைக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது

ஜாக்கெட் கை வெட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். துணியை மடித்து ரெண்டு கையையும் சேர்த்து வெட்டுவோம். அப்புறம் பிரித்து, முன்பக்கம் வரும் பாதியை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்து எடுப்போம். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கத்தரி தானாகப் போகும். பிடிஎஃப்பில் கையை ரெண்டு பக்கமும் ஒரே வளைவாக வரைந்துவிட்டால், வாங்கியவர் தைத்து முடித்ததும் கை குழியில் முன்னால் ஒரு சுருக்கம் விழும். குடைந்து வரைந்தும் எது முன், எது பின் என்று குறிக்காவிட்டால், பாதிப் பேர் திருப்பி வைத்துத் தைப்பார்கள். முன்பக்கத்துக்கு ஒரு வெட்டுக்குறி, பின்பக்கத்துக்கு ரெண்டு என்பது உலகம் முழுக்கப் பேட்டர்ன்களில் இருக்கும் பழக்கம். அதையே பின்பற்றுங்கள். நீங்களாக ஒரு நட்சத்திரக் குறி கண்டுபிடித்தால், அதற்கு விளக்கம் கேட்டுத்தான் போன் வரும்.

அடுத்தது உள்ளே விடும் துணி. நம் ஊரில் பிற்பாடு பிரித்து விடுவதற்காக இடுப்புப் பக்கத் தையலில் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று தாராளமாக விடுவோம். அமெரிக்கப் பேட்டர்ன் கம்பெனிகளோ பெரும்பாலும் எல்லா ஓரத்திலும் 5/8 இஞ்ச்தான் விடுகின்றன. அந்தப் பழக்கத்தில் இருப்பவர் உங்கள் பேட்டர்னை வாங்குகிறார். நீங்கள் ஒரு இஞ்ச் விட்டிருக்கிறீர்கள், ஆனால் எங்கேயும் எழுதவில்லை. அவர் 5/8-ல் தைக்கிறார். ஓரத்துக்கு 3/8 இஞ்ச் மிச்சம், ரெண்டு பக்கத் தையலுக்குமாக நாலு ஓரம், ஆக ஜாக்கெட் ஒன்றரை இஞ்ச் தொளதொளவென்று வந்து நிற்கும். ‘உங்கள் அளவே தப்பு’ என்று எழுதுவார். அளவில் தப்பே இல்லை. வெட்டும் கோடு ஒன்று, தைக்கும் கோடு ஒன்று என ரெண்டையும் வரைந்து, நடுவில் எவ்வளவு என்று எண்ணால் எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. கை குழியும் கையும் பொருந்துகிறதா என்று டேப் வைத்துப் பார்க்கும்போதும் தைக்கும் கோட்டில்தான் அளக்க வேண்டும். வெட்டும் கோட்டில் அளந்தால் வளைவுகளில் கணக்கு ஏமாற்றும்.

அளவுப் பட்டியலில் ‘36’ என்று மட்டும் போடுவதும் இதே ரகம். அது உடம்பின் சுற்றளவா, தைத்து முடித்த ஜாக்கெட்டின் சுற்றளவா? ரெண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். இஞ்சிலும் சென்டிமீட்டரிலும் கொடுங்கள். நாமே துணியை மீட்டரில் வாங்கி இஞ்சில் வெட்டுகிற ஆட்கள்.

ஜெராக்ஸ் கடையில் சுருங்கும் ஜாக்கெட்

உங்கள் கோப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், அது காகிதமாவது வேறு யாருடைய பிரின்டரிலோதான். கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுக்கச் சொன்னால், அந்தப் பையன் வழக்கம்போல ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்ற அமைப்பிலேயே பட்டனைத் தட்டுவான். ரெக்கார்டு நோட்டுக்கு அது போதும். ஜாக்கெட்டுக்குப் போதாது. 97 சதவீதமாகச் சுருங்கினால் 36 இஞ்ச் மார்பு 35-க்கும் கீழே இறங்கிவிடும். அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வழக்கத்தில் இருப்பது ஏ4 காகிதம் இல்லை, லெட்டர் அளவுதான். ஏ4-இன் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டருடையது 279. ஏ4 கோப்பை அதில் அடக்கி பிரின்ட் எடுத்தால் 94 சதவீதம்தான் தேறும். 36 இஞ்ச் 34-க்கும் குறைந்துபோகும்.

இதற்காகத்தான் முதல் பக்கத்தில் ஒரு சோதனைக் கட்டம் வைக்கிறார்கள். அதில் பலர் ஒரு இஞ்ச் கட்டம் வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு இஞ்ச் கட்டம் 97 சதவீதமாகச் சுருங்கினால் குறைவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நைந்த இஞ்ச் டேப்பை வைத்துப் பார்க்கிறவருக்கு அது சரியாகத்தான் தெரியும். 10 சென்டிமீட்டர் கட்டம் வையுங்கள். அதே சுருக்கத்தில் 3 மில்லிமீட்டர் குறையும், ஸ்கேல் வைத்தால் கண்ணில் படும். ‘100 சதவீதத்தில், அசல் அளவில் பிரின்ட் எடுக்கவும்’ என்ற வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும் என்ற மாதிரி இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு விற்பதானால் லெட்டருக்குத் தனிக் கோப்பு அவசியம். கூடவே ஏ0 கோப்பு ஒன்றும் கொடுத்துவிடுங்கள். ஒரு ஏ0 தாள் என்பது பதினாறு ஏ4. வீட்டு பிளான் பிரின்ட் போடும் பிளாட்டர் கடைகளில் அதை ஒரே தாளாக எடுத்துக்கொள்ளலாம், பசை போட்டு ஒட்டும் வேலை மிச்சம். கையால் வரைந்ததை போனில் படம் பிடித்து விற்க நினைப்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். போன் கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு பக்கம் நீளும். இங்க்ஸ்கேப், சீம்லி2டி இரண்டுமே கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைய உதவும் இலவச மென்பொருள்கள். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஒரு அளவை இழுத்தால் இன்னொரு அளவு வராது

32-ஐ வரைந்துவிட்டு, கம்ப்யூட்டரில் மூலையைப் பிடித்து இழுத்து 44 ஆக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் பிரிவில் இருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், அளவு ஏற்றுவது தனி வேலை என்பார்கள். உடம்பும் அப்படித்தான். மார்பு 12 இஞ்ச் கூடுகிறது என்பதற்காகத் தோள் அதே விகிதத்தில் அகலமாவதில்லை. கழுத்து இன்னும் குறைவாகத்தான் கூடும். இழுத்துப் பெரிதாக்கிய 44-ல் தோள் வழுக்கிக் கைமேல் விழும், கழுத்து அகண்டுபோகும். அதுவும் பின்கழுத்து இறக்கமான டிசைன் என்றால் கேட்கவே வேண்டாம். எந்தெந்த இடத்தில் எவ்வளவு ஏற்றுவது என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அளவுக்கும் டாட் (உடம்பின் வடிவத்துக்காக மடித்துப் பிடித்துத் தைக்கும் இடம்) முனை எங்கே வருகிறது என்று தனியாகப் பாருங்கள். அது முடியவில்லையென்றால் நாலு அளவை மட்டும் ஒழுங்காக விற்பது மேல்.

இங்கேயே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டுப் பேட்டர்ன்களைப் பார்த்து ‘துணி ஒரு மீட்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நம்மவர் கையில் இருப்பது புடவையோடு வரும் 80 சென்டிமீட்டர் பிட். அதிலும் ஆரணிப் பட்டு மாதிரி என்றால் பார்டர் கையின் ஓரத்தில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புடவைக்காரர் விடமாட்டார். 80 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய முப்பத்தொன்றரை இஞ்ச். சிறிய அளவுகளில் ரெண்டு கையையும் ஒரே பார்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெட்டிவிடலாம். பெரிய அளவில் விரித்த கை ஒன்றே பதினேழு, பதினெட்டு இஞ்ச் வந்துவிடும். ரெண்டு கை ஒரு பார்டரில் அடங்காது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்டர் என்றால் எதிரெதிராக வைத்துத் தப்பிக்கலாம். ஒரு பக்கம் பெரிய பார்டர், மறுபக்கம் சின்னது என்றால் ஒட்டுப் போட வேண்டியதுதான். இதை அளவு வாரியாகப் படம் போட்டுக் காட்டும் பேட்டர்ன் கிடைத்தால், வாங்கியவர் அடுத்த பேட்டர்னுக்கும் உங்களிடம்தான் வருவார். துணி போடும் படம் இல்லாத பேட்டர்னை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

குடியாத்தம் கைலித் துணியில் குழந்தைக்கு ஃபிராக், நைட்டி என்று போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கட்டம் போட்ட துணியில் பக்கத் தையலில் கட்டம் சேர வேண்டும். சேரும் இடத்துக்குக் குறி கொடுங்கள். காட்டன் என்றால் முதலில் நனைத்துக் காயவைக்கச் சொல்லி எழுதுங்கள். வேலூர் வெயிலில் காய்வதற்கு நேரமாகாது, ஆனால் நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் ஃபிராக் ஏறிவிடும்.

யாரிடம் தைத்துப் பார்ப்பது

அக்கா தங்கச்சியிடமும் கூடத் தைக்கும் தோழியிடமும் கொடுத்துச் சோதிப்பது வீண். அவர்கள் உங்கள் தப்பைத் தங்களை அறியாமலே திருத்தித் தைத்துவிடுவார்கள், ‘சூப்பரா வந்திருக்கு’ என்பார்கள். டெய்லரிங் கிளாஸ் இப்போதுதான் முடித்த ஒருவர், உங்களிடம் உள்ள பெரிய அளவில் ஒருவர், தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் என்று தேடுங்கள். ‘சந்தேகம் வந்தால் எனக்குப் போன் பண்ணாதீர்கள், எங்கே நின்றீர்களோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்களுக்கு வேண்டும்.

படம் விஷயத்தில் ஒரு வார்த்தை. பின்ட்ரெஸ்ட்டில் எடுத்த யாரோ ஒருவரின் ஜாக்கெட் படத்தைப் போட்டு உங்கள் பேட்டர்னை விற்கக் கூடாது. அது அவருடைய படம், தவிர உங்கள் பேட்டர்னில் அது அப்படியே வரவும் வராது. பிரின்சஸ் கட், கட்டோரி கட் என்ற வெட்டு முறைகள் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் வரைந்த தாளும் எழுதிய செய்முறையும் அவருக்குச் சொந்தம். காசு கொடுத்து வாங்கிய பேட்டர்னாக இருந்தாலும், அதைப் பிரதி எடுத்துப் பேர் மாற்றி விற்பது திருட்டுதான்.

உங்கள் பேட்டர்னையும் அப்படிச் சுற்றுக்கு விடுவார்கள். ஒருவர் வாங்கி, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். பூட்டு, பாஸ்வேர்டு என்று போட்டால் ஒழுங்காகக் காசு கொடுத்தவருக்குத்தான் இம்சை. பக்கத்தின் ஓரத்தில் ஆர்டர் எண் வருகிற மாதிரி செய்யலாம். தையல் வகுப்பு நடத்துபவர்களுக்கு என்றே கொஞ்சம் கூடுதல் விலையில் வகுப்பு உரிமம் வைக்கலாம். கேட்டு வாங்க வழி இருந்தால் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

விலை, வரி, நேரம்

தையல் கூலியை மனதில் வைத்து 30, 40 ரூபாய் என்று விலை போடாதீர்கள். எட்ஸி என்ற வெளிநாட்டு இணையச் சந்தையில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், அது நாலு மாதம் செல்லும். ஒன்று விற்றுப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போது மறுபடி 20 சென்ட். விற்ற தொகையில் 6.5 சதவீதம் அவர்களுக்கு, பணம் கைமாறும் கட்டணம் தனி. அரை டாலருக்கு விற்றால் உங்கள் கைக்கு என்ன வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மறுபுறம், வாட்ஸ்அப்பில் கேட்கட்டும், ஜிபேயில் போடட்டும், நான் அனுப்புகிறேன் என்று உட்காருவதும் சரிவராது. நியூயார்க்கில் மத்தியானம் தைக்க உட்காருபவருக்கு இங்கே ராத்திரி பத்து, பதினொரு மணி. காசு கட்டியதும் கோப்பு தானாக இறங்குகிற ஏற்பாடு வேண்டும். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. அதனால் உள்ளூருக்கு யூபிஐ வழி ஒன்று, வெளிநாட்டுக்கு வேறொன்று என்று முதலிலேயே திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பு விற்பது ஜிஎஸ்டி கணக்கில் பொதுவாகச் சேவையாக வரும். சேவைக்கு வருட விற்றுமுதல் 20 லட்சம் என்பது பதிவுக்கான வழக்கமான வரம்பு. வெளிநாட்டு விற்பனைக்குத் தனி நடைமுறை உண்டு, ஆரம்பத்திலேயே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. சிறுதொழில் செய்பவர்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் ஒரு பைசாகூடக் கட்டணம் கிடையாது. அதே மாதிரி தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்களில் ஆயிரம், ரெண்டாயிரம் கட்டி ஏமாறாதீர்கள்.

கடைசியாக, நேரம். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாவாடை சட்டை பேட்டர்ன் வெளியிடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்தவர்கள் ஆவணி, புரட்டாசியிலேயே வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் கோப்பு ஆடியிலேயே கடையில் இருக்க வேண்டும். அதற்குச் சித்திரை, வைகாசியில் சோதனைத் தையல் முடிந்திருக்க வேண்டும். நடுவில் தப்பு கண்டுபிடித்துத் திருத்தினால் கோப்பில் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் புதுக் கோப்பை இலவசமாக அனுப்பிவிடுங்கள்.